ஒன்றாகத் தெரியும் இரண்டு கலங்களை எக்ஸெல் வேறு என்கிறது: பில்களை ஒப்பிடும்போது வரும் சிக்கல்

கேள்வி: ஈரோடு, ஜவுளிக் கடைக் கணக்கர்

வணக்கம். ஈரோட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். மாதந்தோறும் 14ஆம் தேதி முந்தைய மாதத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கை வந்ததும், அதைப் பதிவிறக்கி எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்காகிய 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். சரக்கை விற்றவர் பதிவேற்றிய பில் அந்த அறிக்கையில் இடம்பெற்றால்தான் உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை) எடுக்கலாம் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பதால், ஒரு பில் விடுபட்டாலும் அதற்குரிய வரியைக் கடை தன் கையிலிருந்து கட்ட நேரிடும். ஆகவே ஒப்பீட்டில் வரும் விடையை நம்ப முடியாமல் போவது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

ஒரே பணித்தாளில் இடப்பக்கம் எங்கள் பதிவேட்டையும், அதையடுத்து 2பி அறிக்கையையும், கடைசியாக விற்பனையாளர்கள் மின்னஞ்சலில் அனுப்பிய கணக்கு விவரத்தையும் ஒட்டி வைத்திருக்கிறேன். பில் எண்களை ஒப்பிட =ஏ2=எச்2 என்று எழுதினால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் பல எண்களுக்கு ஃபால்ஸ் என்று வருகிறது. கலத்தின் வடிவமைப்பை ‘நம்பர்’ என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மத்திய ஜி.எஸ்.டி. தொகை இரு பக்கமும் 308.64 என்றே தெரிகிறது, அதற்கும் ஃபால்ஸ். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்களைத் தனியே பிரிக்க =இஃப்(டி2>10000,"பெரிது","சிறிது") என்று எழுதினேன்; 850 ரூபாய் பில்லும் பெரிது என்று வந்து நிற்கிறது. மூன்று பக்கத் தொகையும் சமமா என்று பார்க்க =டி2=கே2=ஆர்2 என்று எழுதியதற்கு, மூன்றும் 15,000 ஆக இருக்கும் வரிசையில்கூட ஃபால்ஸ் வருகிறது. இவை அனைத்துக்கும் காரணம் ஒன்றா, வெவ்வேறா? எங்கிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

(சூத்திரங்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தாளில் ஆங்கில எழுத்தில்தான் உள்ளன.)

மறுமொழி: மதுரை, விரிதாள் பயிற்றுநர்

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்னவற்றுள் குறைந்தது மூன்று தனித்தனிக் காரணங்கள் கலந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே செய்திதான்: கலத்துக்குள் இருக்கும் மதிப்பு வேறு, திரையில் தெரியும் தோற்றம் வேறு, சமக்குறி தோற்றத்தைப் பார்ப்பதில்லை, மதிப்பை மட்டுமே பார்க்கிறது. ஆகவே ‘ஏன் ஃபால்ஸ் வருகிறது’ என்று சூத்திரத்தை மாற்றி மாற்றி எழுதுவதற்கு முன், அந்த இரண்டு கலங்களுக்குள்ளும் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவதே குறுக்கு வழி.

முதலில் பில் எண்ணை எடுத்துக்கொள்வோம். எக்ஸெலில் 4512 என்ற எண்ணும், 4512 என்று நான்கு எழுத்துகளாகச் சேமிக்கப்பட்ட உரையும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. கூட்டல் பெருக்கல் செய்தால் எக்ஸெல் உரையைத் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஒப்பிடும்போது மட்டும் மாற்றாது. இதனால்தான் =ஏ2+0 சரியான விடை தர, =ஏ2=எச்2 ஃபால்ஸ் என்கிறது. தேடி எடுக்கும் சூத்திரங்களான வி-லுக்அப், மேட்ச் ஆகியவையும் இதே முறையில் நடப்பதால், கிடைக்கவில்லை என்று பொருள்படும் #என்/ஏ வரும். நீங்கள் செய்ததுபோல வடிவமைப்பை ‘நம்பர்’ என்று மாற்றுவது ஏற்கெனவே உரையாக அமர்ந்துவிட்டதை எண்ணாக்காது. இனிமேல் தட்டச்சிடுவதற்கு மட்டுமே அது பொருந்தும். எது உரை, எது எண் என்று அறிய, பக்கத்துக் காலியான நெடுவரிசையில் =ஈஸ்டெக்ஸ்ட்(ஏ2) என்று எழுதி இழுத்துவிடுங்கள். சீரமைப்பு எதுவும் செய்யப்படாத கலத்தில் உரை இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்பதும், கலத்தின் மூலையில் தோன்றும் சிறு பச்சை முக்கோணமும்கூட அடையாளம் காட்டும்.

உங்கள் 850 ரூபாய் பில் ‘பெரிது’ ஆனதற்கும் இதுவே காரணம். எக்ஸெலின் வரிசைமுறையில் எந்த எண்ணும் எந்த உரையையும் விடச் சிறியது; உரைக்கும் மேலே ட்ரூ, ஃபால்ஸ் ஆகிய தருக்க மதிப்புகள் நிற்கின்றன. ஆகவே 850 என்பது உரையாக இருந்தால், அது 10,000 என்ன, ஒரு கோடியையும் விடப் பெரிதுதான். இவ்வகைப் பிழை ஃபால்ஸ் என்று தன்னைக் காட்டிக்கொள்ளாமல் நல்ல விடைபோலவே வந்து நிற்பதால், பொருந்தாத பில் எண்களை விட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். தொகை நெடுவரிசையை முழுவதும் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியலில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்பதைத் திறந்து, எதையும் மாற்றாமல் ‘ஃபினிஷ்’ கொடுத்தால் உரையாக உள்ள எண்கள் எண்களாகிவிடும்.

பில் எண்ணுக்கு மட்டும் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: இரு பக்கத்தையும் உரையாக்குங்கள். பில் எண் என்பது பெயர். அதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. ஜி.எஸ்.டி. விதியின்படி 16 எழுத்துகளுக்கு மிகாமல், எழுத்து, எண், இணைகோடு, சாய்கோடு ஆகியவை கலந்து அது வரலாம். இதனால் எண்போலத் தட்டச்சிடும்போது எக்ஸெல் அதைத் தன் விருப்பப்படி திரித்துவிடுகிறது: 0045 என்பது 45 ஆகும், 3-5 என்பது ஒரு தேதியாகும், நடுவில் ஆங்கில எழுத்து வரும் 12ஈ5 என்பது 12 இலட்சமாகும். இப்படித் திரிந்த பிறகு பழைய வடிவத்தை எந்த வடிவமைப்பாலும் மீட்க முடியாது. இது நம் கடைகளின் தொல்லை மட்டுமன்று. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, எக்ஸெலில் தேதியாக மாறிவிடுகின்றன என்பதற்காகவே மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக் குறியீடுகளை மாற்றி 2020இல் புதிய நெறிமுறை வெளியிட்டது. ஆகவே தட்டச்சிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று வடிவமைத்துவிடுங்கள்.

இரண்டும் உரையாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். =லென்(ஏ2), =லென்(எச்2) இரண்டையும் பாருங்கள். 8 எழுத்து தெரியும் இடத்தில் 9 என்று வந்தால், பெரும்பாலும் கடைசியில் ஓர் இடைவெளி இருக்கும். அதை ட்ரிம் நீக்கிவிடும். ட்ரிம் போட்ட பிறகும் 9 என்றே இருந்தால், கடைசி எழுத்தின் குறியெண்ணை =கோட்(ரைட்(எச்2,1)) என்று கேளுங்கள். 160 என்று வந்தால் அது இணையப் பக்கங்களிலும் மின்னஞ்சல்களிலும் பயன்படும் பிரியா இடைவெளி. சாதாரண இடைவெளியின் எண் 32. ட்ரிம் அறிந்தது அதை மட்டுமே. க்ளீன் 0 முதல் 31 வரையுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளை மட்டும் நீக்குவதால், அதுவும் 160ஐத் தொடாது. மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய மூன்றாவது பகுதியில் இது இருக்க மிகவும் வாய்ப்புண்டு. =ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(எச்2,கேர்(160)," ")) என்ற ஒரு சூத்திரம் இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும்.

மூன்று தொகைகளை ஒப்பிட்ட சூத்திரத்தில் தரவின் மீது குற்றமில்லை. =டி2=கே2=ஆர்2 என்பதை எக்ஸெல் இடமிருந்து வலமாகச் செய்கிறது. முதலில் டி2=கே2 என்பதற்கு ட்ரூ கிடைக்கிறது; பிறகு அந்த ட்ரூவை ஆர்2இல் உள்ள 15,000உடன் ஒப்பிடுகிறது. தருக்க மதிப்பும் எண்ணும் வேறு வகை என்பதால் விடை எப்போதும் ஃபால்ஸ். =ஆண்ட்(டி2=கே2,கே2=ஆர்2) என்று எழுதுங்கள்.

வரித் தொகை 308.64 பற்றி வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். அது தனிக் கதை.

மறுமொழி: சென்னை, மென்பொருள் பொறியாளர்

மதுரை நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 308.64 இரு பக்கமும் தெரிந்தும் ஃபால்ஸ் வருவதற்கு முதலில் பார்க்க வேண்டிய காரணம் மிக எளியது. துணிக்கு 5 விழுக்காடு வரி. அதில் பாதியான 2.5 விழுக்காடு மத்திய ஜி.எஸ்.டி. 12,345.50 ரூபாய் சரக்குக்கு உங்கள் பதிவேட்டில் சூத்திரம் போட்டு வரியைக் கணக்கிட்டிருந்தால் கலத்துக்குள் இருப்பது 308.6375. இரண்டு தசம இடங்களுக்கு வடிவமைத்திருப்பதால் 308.64 என்று தெரிகிறது. எதிர்ப்பக்கம் பில்லில் எழுதிய தொகையாகிய 308.64 மட்டுமே இருக்கிறது. கால் காசு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. எக்ஸெல் சொல்வது சரி. வரியைக் கணக்கிடும் இடத்திலேயே =ரவுண்ட்(ஈ2*2.5%,2) என்று எழுதிவிட்டால் இது முடிந்தது. ஒப்பிடும் இடத்தில் ரவுண்ட் போடுவதைவிடக் கணக்கிடும் இடத்தில் போடுவதே நல்லது. ஏனென்றால் அந்தக் கால் காசுகள் நூற்றுக்கணக்கான பில்களில் சேர்ந்து, மாத மொத்தத்தில் ரூபாய்க் கணக்கில் வேறுபாடு காட்டும்.

ரவுண்ட் போட்ட பிறகும் சில வரிசைகள் பொருந்தாமல் நிற்கலாம். அதற்குக் காரணம் கணினி பின்னங்களைச் சேமிக்கும் முறை. எக்ஸெல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் ஆகிய எல்லாமே 1985இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரத்தின் 64 பிட் வடிவத்தில் எண்களை வைக்கின்றன. அதில் எண்ணின் துல்லியத்துக்கு 53 பிட்டுகள் கிடைக்கின்றன. பதின்ம முறையில் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எங்கே நிறுத்தினாலும் முழுமையாக எழுத முடியாது அல்லவா? இரும முறையில் பத்தில் ஒரு பங்குக்கு அதே நிலை. ஆகவே 10 காசு என்பதைக் கணினியால் துல்லியமாக வைக்க முடியாது. மிக அருகிலுள்ள ஓர் எண்ணையே வைக்கிறது. தனியாக இருக்கும்வரை இந்த நுண்ணிய வேறுபாடு தெரியாது. பெரிய எண்களைக் கழித்துச் சிறிய மீதம் வரும்போதுதான் வெளிப்படும். ஒரு காலிக் கலத்தில் =(1000.1-1000)=0.1 என்று எழுதிப் பாருங்கள், ஃபால்ஸ் வரும். கழித்து வந்த மீதத்தை 15 தசம இடங்களுக்கு விரித்தால் 0.100000000000023 என்று தெரியும். வரவுக் குறிப்பு (பில் தொகையைக் குறைத்து விற்றவர் தரும் சீட்டு) வந்த பில்களில் இப்படிக் கழித்தல் நடக்கும் என்பதால், உங்கள் தாளில் பொருந்தாமல் நிற்பவற்றுள் அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இதை இன்னும் குழப்புவது, எக்ஸெல் சில இடங்களில் இந்த வேறுபாட்டைத் தானாகவே மறைத்துவிடுவதுதான். =0.1+0.2=0.3 என்று கேட்டால் ட்ரூ என்கிறது; =0.1+0.2-0.3 என்றால் 0 என்கிறது; அதையே =(0.1+0.2-0.3) என்று அடைப்புக்குள் போட்டால், 0க்குப் பதிலாகத் தசமப் புள்ளிக்குப் பிறகு 16 சுழியங்கள் கடந்து தொடங்கும் ஒரு சிற்றெண்ணைத் தருகிறது. ஒப்பிடும்போது 15 இலக்கங்களுக்கு மேல் பார்க்காமல் விடுவதும், கடைசிச் செயல் கழித்தலாக இருந்து விடை மிகச் சிறிதாக இருந்தால் 0 ஆக்கிவிடுவதும் அதன் வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் ஒரே கணக்கு ஓரிடத்தில் சமம் என்றும் வேறோரிடத்தில் சமமில்லை என்றும் வருவதற்கு அதுவே காரணமாகிறது.

ஆகவே பணத் தொகைகளுக்குச் சமக்குறியையே பயன்படுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. =ஏபிஎஸ்(எஃப்2-எம்2)<0.005 என்று எழுதுங்கள். எல்லையை ஏன் 0.01 என்று வைக்கவில்லை என்று தோன்றலாம். சரியாக ஒரு காசு வேறுபடும் இரண்டு தொகைகளைக் கழித்தால் மீதம் 0.01க்கு ஒரு மயிரிழை மேலாகவோ கீழாகவோ விழக்கூடும். அப்போது சில பில்கள் தப்பும், சில மாட்டும். அரைக் காசில் எல்லையை வைத்தால் அந்த ஐயம் இல்லை. வரியை முழு ரூபாய்க்குத் திருத்தி எழுதும் விற்பனையாளர்கள் இருந்தால், அவர்களுக்கு மட்டும் எல்லையை 0.995 என்று தனி நெடுவரிசையில் வையுங்கள். எல்லாருக்கும் தளர்த்திவிட்டால் உண்மையான பிழைகளும் அதில் ஒளிந்துகொள்ளும்.

மறுமொழி: கோவை, கணக்காளர்

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எக்ஸெலின் விருப்பங்களில், ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில், ‘செட் ப்ரிசிஷன் அஸ் டிஸ்ப்ளேய்ட்’ என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் தெரிவதே மதிப்பாகிவிடும், 308.64 இரு பக்கமும் 308.64 ஆகவே இருக்கும். எந்தச் சூத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

மறுமொழி: சென்னை, மென்பொருள் பொறியாளர்

கோவை நண்பர் சொல்வது வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வரிக் கணக்குக் கோப்பில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விருப்பம் தேர்ந்தெடுத்த நெடுவரிசைக்கு மட்டுமன்றிப் பணிப்புத்தகம் முழுமைக்கும் பொருந்தும். தட்டச்சிட்ட எண்களையும் அந்தக் கணமே நிலையாக மாற்றிவிடும். மீட்டர் ஒன்றுக்கு 47.375 ரூபாய் என்று விலை எழுதிய கலம் இரண்டு தசமங்களுக்கு வடிவமைக்கப்பட்டிருந்தால், அது 47.38 ஆகிவிடும், பிறகு விருப்பத்தை நீக்கினாலும் 47.375 திரும்பி வராது. யாரோ அழகுக்காகத் தசம இடங்களைக் குறைத்தால் கணக்கே மாறும் நிலை ஏற்படும். எந்தக் கலத்தில் எத்தனை இடத்துக்கு முழுமையாக்குகிறோம் என்பதை ரவுண்ட் வெளிப்படையாகக் காட்டுகிறது. நாளை ஆடிட்டர் கேட்டாலும் விளக்கலாம்.

தொடர் கேள்வி: ஈரோடு, ஜவுளிக் கடைக் கணக்கர்

இருவருக்கும் மிக்க நன்றி. பில் எண்களில் பெரும்பகுதி பொருந்திவிட்டது. மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய பகுதியில் 160 என்றே வந்தது. தொகைகளும் அரைக் காசு எல்லையில் சரியாக வருகின்றன. இன்னும் மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன.

ஒன்று, தேதிகள். இரு பக்கமும் 05-04-2024 என்று தெரியும் சில வரிசைகள் பொருந்தவில்லை. 12ஆம் தேதிக்குப் பிந்தைய தேதிகள் மொத்தமாகவே பொருந்தவில்லை. இரண்டு, இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கக் கவுண்ட்இஃப் போட்டால், கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு 16 இலக்கப் பில் எண்களை ஒன்றே என்கிறது. இங்கே சிக்கல் தலைகீழாக வருகிறது. மூன்று, வரியோடு தொடர்பில்லாதது: எங்களிடம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இரண்டு பேரால் தமிழில் தட்டச்சிடப்பட்டது. கௌரி, ஸ்ரீதேவி போன்ற பெயர்கள் பொருந்துவதில்லை. ட்ரிம், சப்ஸ்டிட்யூட் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மறுமொழி: மதுரை, விரிதாள் பயிற்றுநர்

தேதியிலிருந்து தொடங்குகிறேன். எக்ஸெலுக்குத் தேதி என்பது நாள்களின் எண்ணிக்கைதான். 1900 ஜனவரி 1 என்பது 1 எனத் தொடங்கி, 2024 ஏப்ரல் 1 என்பது 45383 ஆகிறது. நாளின் பகுதியாகிய நேரம் பின்னமாகச் சேரும். நண்பகல் என்றால் 45383.5. உங்கள் பில்லிங் மென்பொருள் தேதியோடு நேரத்தையும் எழுதியிருந்தால், வடிவமைப்பு நேரத்தை மறைத்துத் தேதியை மட்டும் காட்டும், ஒப்பீடு தோற்கும். தேதிக் கலங்களைத் தற்காலிகமாக ‘ஜெனரல்’ என்று வடிவமைத்தால் தசமம் இருக்கிறதா என்று உடனே தெரியும்; இருந்தால் =இன்ட்(பி2) அதை வெட்டிவிடும்.

ஆனால் 12ஆம் தேதிக்குப் பிந்தையவை மொத்தமாகப் பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்னது மிகத் தெளிவான அறிகுறி. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருக்கிறது. அப்படியிருக்கும்போது 05-04-2024 என்ற உரை உள்ளே வந்தால், அது மே 4 என்று கொள்ளப்பட்டுத் தேதியாகிவிடும்; 15-04-2024 வந்தால், 15ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் உரையாகவே நின்றுவிடும். ஆக ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி வெறும் உரை. உரையாக நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு, தேதியாக மாறியவை சரியானவை என்று நம்பிவிடுவது பெரிய ஆபத்து. மூலக் கோப்பை மறுபடி எடுத்து, ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ மூன்றாம் படியில் ‘டேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அருகில் நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைக் குறிப்பிட்டு மாற்றுங்கள். மாற்றும் முன் அந்த நெடுவரிசை உரையாகவே உள்ளே வந்திருக்க வேண்டும்.

கவுண்ட்இஃப் விவகாரத்தில் உங்கள் ஐயம் சரியானது. சமக்குறி உரையை எண்ணாக மாற்றாது என்று முன்பு எழுதினேன். கவுண்ட்இஃப், சம்இஃப் ஆகியவை மாற்றும். எண்போலத் தெரியும் உரையை அவை எண்ணாகவே கொள்கின்றன. எக்ஸெலின் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் நிற்காது என்பதால் 16ஆம் இலக்கம் சுழியமாகி, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. =சம்ப்ராடக்ட்(--(ஏ$2:ஏ$900=ஏ2)) என்பது சமக்குறியைப் பயன்படுத்துவதால் உரையை உரையாகவே ஒப்பிடும். இரட்டைப் பதிவை நிறத்தால் காட்டும் ‘டூப்ளிகேட் வேல்யூஸ்’ வசதியும் கவுண்ட்இஃப் போலவே ஏமாறும். நீளமான எண்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலிக் கலம் 0க்கும் சமம், வெற்று உரைக்கும் சமம் என்று எக்ஸெல் கொள்கிறது. மாநிலத்துக்குள் வாங்கிய சரக்குக்கு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 0 என்று ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் அந்தப் பில்லே ஏறாமல் காலியாக இருந்தால், ஒப்பீடு ட்ரூ என்று சொல்லிவிடும். ஆகவே தொகையை ஒப்பிடும் முன் பில் எண் இரு பக்கமும் இருக்கிறதா என்று உறுதி செய்யும் நெடுவரிசை ஒன்று தனியே வேண்டும். வி-லுக்அப்பில் நான்காம் இடத்தில் ஃபால்ஸ் எழுதாமல் விட்டால் அது தோராயமாகப் பொருத்தி வேறொரு பில்லின் தொகையைக் கொண்டுவந்து தரும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

மறுமொழி: தஞ்சாவூர், நூலகப் பட்டியலாளர்

தமிழ்ப் பெயர்களைப் பற்றி எழுதுகிறேன். நூலகத்தில் ஆசிரியர் பெயர்களை ஒன்றுசேர்க்கும்போது நாள்தோறும் சந்திக்கும் சிக்கல் இது. கௌரி என்ற பெயரை ஒருவர் ஔகாரக் குறியோடு தட்டச்சிட்டிருப்பார். மற்றவர் கெ என்று எழுதி அதற்குப் பிறகு ள என்ற எழுத்தைச் சேர்த்துக் கெளரி என்று எழுதியிருப்பார். திரையில் வேறுபாடு தெரியாது. =லென் கேட்டால் முதலாவதற்கு 4, இரண்டாவதற்கு 5 என்று வரும். மூன்றாம் இடத்தில் உள்ள எழுத்தை =யூனிகோட்(மிட்(ஏ2,3,1)) என்று கேட்டால், சரியானதில் 2992, அதாவது ‘ர’ கிடைக்கும்; மற்றதில் 2995, அதாவது ‘ள’ கிடைக்கும்.

இதைக் கண்டதும் ‘எகரக் குறி, ள’ என்று வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள் ஆகிய பெயர்களில் அதே இரண்டு குறிகளும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றன. அவை அனைத்தும் சிதைந்துவிடும். கெளரி, கெளதமன், செளந்தரம், மெளலி என்று முழுப் பெயராகக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்ரீதேவியில் உள்ளது இன்னும் நுட்பமானது. அங்கே லென்கூட உதவாது, இரண்டுக்கும் 8 என்றே வரும். ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை ‘ஸ’ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது தட்டச்சிடுபவருக்குத் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. =யூனிகோட்(லெஃப்ட்(ஏ2,1)) என்று கேளுங்கள்: ‘ஸ’ என்றால் 3000, ‘ஶ’ என்றால் 2998. இங்கே அச்சமின்றி எல்லா இடத்திலும் ‘ஶ’வை ‘ஸ’வாக மாற்றலாம். கொடி, கோமதி போன்ற பெயர்களில் ஒகர, ஓகாரக் குறிகள் ஒரே குறியாகவும், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படுவதுண்டு. அங்கே லென் ஒன்று கூடுதலாகக் காட்டும். இவற்றையும் கடந்து பொருந்தாத பெயரில், பழைய தட்டச்சுக் கருவிகள் இட்டுச்சென்ற அகலமற்ற குறிகள் 8203, 8204 இருக்கின்றனவா என்று தேடுங்கள்; =சப்ஸ்டிட்யூட்(ஏ2,யூனிகேர்(8204),"") அவற்றை நீக்கும்.

கூலிப் பட்டியல் என்பதால் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். பெயரை மட்டும் வைத்துப் பொருத்தாமல், ஒவ்வொரு தறிக்காரருக்கும் ஓர் எண் கொடுத்து அதை வைத்துப் பொருத்துங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால், ஒருவருடைய கூலி மற்றவர் கணக்கில் ஏறும்.

மறுமொழி: திருநெல்வேலி, லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்

இதே கோப்பை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறப்பவர்களுக்காகச் சில குறிப்புகள். கன்ட்ரோலும் எஃப்8உம் சேர்த்து அழுத்தினால் எண்கள் நீலத்திலும், உரை கறுப்பிலும், சூத்திரங்கள் பச்சையிலும் தெரியும். எது உரை என்று தேட இதைவிட விரைவான வழி இல்லை. எக்ஸெலின் சமக்குறி ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும்; கால்க்கின் இயல்பு அமைப்பு அவற்றை வேறாகக் கொள்ளும். ஆகவே ஈரோட்டில் பொருந்திய பில் எண் கால்க்கில் புதிதாகத் தொடங்கிய தாளில் ஒட்டினால் பொருந்தாமல் போகலாம். விருப்பங்களில் கால்க், கால்குலேட் பகுதியில் ‘கேஸ் சென்சிட்டிவ்’ என்பதை நீக்கினால் எக்ஸெலைப் போலவே நடக்கும். எழுத்து வேறுபாட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டிலும் எக்ஸாக்ட் உண்டு. கேர்(160)க்குப் பதிலாக யூனிகேர்(160) எழுதுங்கள். அது எந்தக் கணினியிலும் மாறாது.

நிறைவு: ஈரோடு, ஜவுளிக் கடைக் கணக்கர்

வட்டார அமைப்பு அமெரிக்க முறையில்தான் இருந்தது. கோப்பை மறுபடி எடுத்து நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் மாற்றியதும் தேதிகள் நேராயின. ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்களில் ஒரு பட்டியல் முழுவதும் 3000, மற்றது முழுவதும் 2998. தறிக்காரர்களுக்கு எண் கொடுக்கும் வேலையையும் தொடங்கியிருக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் பொருந்தாமல் நின்ற சில பில்களில் காரணம் ஜி.எஸ்.டி. எண்ணில் இருந்தது, அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்பதால் அதையும் பதிகிறேன். 15 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் அமைப்பு ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. ஆகவே 8 முதல் 11 வரையுள்ள இடங்களில் இலக்கம் மட்டுமே வரலாம். அங்கே சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்து தட்டச்சாகியிருந்தது. நீளம் சரி, இடைவெளி இல்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. =ஈஸ்நம்பர்(--மிட்(சி2,8,4)) என்ற நெடுவரிசையைச் சேர்த்ததும், ஃபால்ஸ் வந்த வரிசைகள் அனைத்திலும் அதுவே இருந்தது. இப்போது எஞ்சியிருப்பவை விற்பனையாளர்கள் இன்னும் பதிவேற்றாத பில்கள் மட்டுமே. அவர்களுக்குத் தனித்தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன்.